கிராண்டு யார் பேரில்?

2019 மே மாதம். எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தை மாமாக் கடைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டியிருந்தது. மான்செஸ்டர் சிட்டி 6-0 என்று வாட்ஃபோர்டை நசுக்கியது. எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் அவ்வளவு பெரிய வெற்றி அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. 1903இல் பெரி என்ற குழு டெர்பி கவுண்டியை அதே 6-0 கணக்கில் வென்றது. "பெரியா? அப்படி ஒரு டீம் இருக்கா?" என்று கேட்டான் பக்கத்தில் இருந்த நண்பன். மேசையில் யாருக்கும் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து அப்படி ஒரு குழு லீக்கில் இல்லை. ஆகஸ்ட் 27ஆம் தேதி பெரி வெளியேற்றப்பட்டது. அன்றிலிருந்து அந்தக் குழுவைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். ஏன் இவ்வளவு அக்கறை என்று முதலில் எனக்கே பிடிபடவில்லை.

பெரி, மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பழைய பஞ்சாலை ஊர். குழு தொடங்கியது 1885இல். அதே ஆண்டில் கிக் லேன் திடலும் வந்துவிட்டது. நிலம் டெர்பி பிரபுவின் பண்ணைக்குச் சொந்தமாக இருந்து, 1922இல் அன்பளிப்பாகக் குழுவுக்கு வந்தது. காசு கொடுத்து வாங்காத நிலம். நூறு ஆண்டுக்குள் அதுவே கடனுக்குப் பிணையாகப் போய் நின்றது.

இது எப்படி நடக்க முடிந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கத்தில் 'விதி 34' என்று ஒன்று இருந்தது. குழுக்கள் நிறுவனங்களாகப் பதிவு செய்யத் தொடங்கிய காலத்தில், பணக்காரர்கள் அவற்றைக் கறந்துவிடக்கூடாது என்று போட்ட வேலி அது. இயக்குநர்களுக்குச் சம்பளம் கிடையாது. பங்காதாயத்துக்கு உச்சவரம்பு உண்டு. குழு கலைந்தால், கடன் அடைத்தது போக மிஞ்சுவது இன்னொரு விளையாட்டு அமைப்புக்கோ அறப்பணிக்கோ போக வேண்டும். குழுவைக் கொன்று நிலத்தை விற்றாலும் கைக்கு எதுவும் வராது. அப்படியிருக்க, யாருக்குக் கொல்லத் தோன்றும்?

1983இல் டோட்டன்ஹாம் பங்குச் சந்தைக்குப் போனது. குழுவுக்கு மேலே ஒரு தாய் நிறுவனத்தை வைத்து விதியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வேலி அப்படியே நின்றது, பக்கத்தில் ஒரு பாதை விழுந்துவிட்டது. 1998வாக்கில் விதியையே எடுத்துவிட்டார்கள்.

இடையில் பிரைட்டன் குழுவுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். கடனில் மூழ்கிக்கொண்டிருந்த அந்தக் குழுவின் நிறுவன விதிகள் 1993இல் மாற்றி எழுதப்பட்டபோது, பங்குதாரர்கள் லாபம் எடுப்பதைத் தடுக்கும் அந்த ஒரு பிரிவு மட்டும் விடுபட்டுப் போயிருந்தது. ரசிகர்கள் அதைப் பின்னால்தான் கண்டுபிடித்தார்கள். 1995இல் கோல்ட்ஸ்டோன் திடல் 7.4 மில்லியன் பவுண்டுக்கு விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனம் பின்னர் ஏறக்குறைய 24 மில்லியனுக்குக் கைமாற்றியது. திடலாக இருக்கும்வரை நிலத்துக்கு ஒரு விலை, கடைத்தொகுதி ஆகலாம் என்றால் வேறு விலை. குழுக்களைத் தின்பது இந்த இரண்டு விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான். 1997இல் அங்கே கடைசி ஆட்டம். பிரைட்டன் மறுபடி நிரந்தர அரங்கம் ஒன்றில் ஆட 2011 ஆனது.

பெரிக்கு வருவோம். பழைய உரிமையாளர் காலத்தில் செலவு வரவை மிஞ்சியது. திடல் அடமானத்துக்குப் போனது. கார் நிறுத்துமிடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்ற தொழிலதிபர் மொத்தக் குழுவையும் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். பெரியில் ஒரு காற்பந்துக் குழு இருப்பதே தனக்கு முன்பு தெரியாது என்று அவரே வானொலியில் சொன்னார். என் நண்பன் மாமாக் கடையில் சொன்ன அதே பதில்.

அந்தப் பருவத்தில் ஆட்டக்காரர்கள் சம்பளம் வராமலே ஆடி மூன்றாம் நிலைக்கு முன்னேறினார்கள். ஜூலையில் கடன்காரர்களோடு ஓர் ஒப்பந்தம். விளையாட்டாளர்கள், மற்ற குழுக்கள் போன்ற 'காற்பந்துக் கடன்காரர்களுக்கு' முழுப் பணம். பிணை வாங்காமல் கடன் கொடுத்த மற்றவர்களுக்கு ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸ். அதற்குப் பிறகும் குழுவை நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்று லீக்குக்குக் காட்ட முடியவில்லை. ஆட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போயின.

கடைசி நாள் காலையில், வாங்க ஒரு நிறுவனம் வருகிறது என்ற நம்பிக்கையில், நூற்றுக்கணக்கான ரசிகர்கள் விளக்குமாறோடு வந்து அரங்கத்தைக் கூட்டித் துடைத்தார்கள். அன்று மாலைக்குள் அந்த நிறுவனம் பின்வாங்கியது. இரவு அறிவிப்பு வந்தது.

இங்கேதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார்.

நான் பிறந்த தோட்டத்தில், லயங்களுக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு திடல் இருந்தது. அப்பா அதில் லெஃப்ட் விங். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் லோரியில் வந்து இறங்குவார்கள். தோட்டம் மேம்பாட்டாளர் கைக்குப் போனபோது 'புதுத் திடல் கட்டித் தருவோம்' என்றார்கள். வீடுகள் வந்தன, திடல் வரவில்லை. குழு மட்டும் இரண்டு வருசம் கடன் வாங்கிய பள்ளித் திடல்களில் ஆடிவிட்டு நின்றுபோனது. ஜெர்சிகள் இன்னும் ஒரு பெட்டியில் இருக்கின்றன. "டீம் இருந்துச்சுடா, நிக்கத்தான் எடமில்ல" என்பார்.

பெரியில் தலைகீழாக நடந்தது. குழு போனது, இடம் நின்றது. நிறுவனம் 2020இல் திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. 2022 பிப்ரவரியில் ரசிகர்கள் திரட்டிய பணமும், ஒரு ரசிகரின் பெரிய நன்கொடையும், சமூக உடைமைக்கான அரசு நிதியிலிருந்து ஒரு மில்லியன் பவுண்டும் சேர்ந்து கிக் லேனை வாங்கின. குழுவின் பெயரும் அதோடு வந்தது.

இதைச் சுகமான முடிவு என்று சொல்லிவிட முடியாது. லீக் வெளியேற்றியதும் ரசிகர்களில் ஒரு பகுதியினர் பெரி ஏஎஃப்சி என்று புதுக்குழு தொடங்கியிருந்தார்கள். திடல் ஒரு தரப்பிடம், ஆடும் குழு இன்னொரு தரப்பிடம். 2022 அக்டோபர் வாக்கெடுப்பில் ஒரு சங்கத்தில் தேவையான பெரும்பான்மை கிடைக்காமல் இணைப்பு தோற்றது. ஒரே ஊர், ஒரே வெள்ளைச் சட்டை, ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் மனஸ்தாபம். 2023இல்தான் சேர்ந்தார்கள். ஒன்பதாம் நிலையிலிருந்து மறுபடி தொடங்கி, 2025இல் எட்டாம் நிலைக்கு ஏறினார்கள்.

காசு சேர்த்து மண்ணை வாங்குவது நமக்குப் புதிதில்லை. துண்டாடலில் தோட்டங்கள் கூறுகூறாக விற்கப்பட்ட காலத்தில், 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில்தான் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. எங்கள் தோட்டம் வரைக்கும் அந்தக் கை நீளவில்லை.

போன மாதம் அப்பாவிடம் பெரி கதையை முழுசாகச் சொன்னேன். கிண்ணம், 6-0, விளக்குமாறு எல்லாம் கேட்டார். முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"இப்ப கிராண்டு யாரு பேருல இருக்கு?"

"ரசிகருங்க சேந்துதாம்பா வாங்கியிருக்காங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாங்க எத்தன கூட்டம் போட்டோம் தெரியுமா? புதுத் திடலு எப்ப வரும், கோல் கம்பம் யாரு தருவான்னு கேட்டோம். இத ஒருத்தனும் கேக்கல" என்றார்.