ஊழியக் கல்விக்கு ஒரு கொடை: அன்டோவர் முதல் வட்டுக்கோட்டை வரை

யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை எழுதுவோர் வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றிக் கூறாமல் செல்வதில்லை. அங்கே பயின்ற அறிஞர்களின் பட்டியல் பல நூல்களில் இடம்பெற்றுள்ளது. ஆயினும் அம்மாணவர்களுக்குச் சோறு போட்டவர் யார், அவர்களுடைய நூல்களுக்கும் உடைகளுக்கும் பணம் கொடுத்தவர் யார், அப்பணம் எதை எதிர்பார்த்துக் கொடுக்கப்பட்டது என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின் யாழ்ப்பாணத்தை விட்டுச் சற்றுத் தொலைவு, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள நியூ இங்கிலாந்து வரை செல்ல வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நாட்டில் போதகராக விரும்பிய இளைஞன் முதலில் ஒரு கல்லூரியில் பட்டம் பெறுவான். பின்னர் அனுபவமிக்க ஒரு போதகரின் இல்லத்தில் தங்கி அவரிடம் இறையியல் கற்பான். ஏறக்குறைய நம் நாட்டுக் குருகுல வாசத்தை ஒத்த முறை இது. 1808ஆம் ஆண்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து அன்டோவரில் இறையியற் செமினரி திறக்கப்பட்டதும் இந்நிலை மாறத் தொடங்கியது. கல்லூரிப் பட்டம் பெற்றவர்க்கென மூவாண்டுப் பாடத்திட்டம் அங்கே வகுக்கப்பட்டது. சாமுவேல் அபட், வில்லியம் பார்ட்லெட், மோசஸ் பிரவுன் முதலிய வணிகர்களும், பிலிப்ஸ் குடும்பத்தாரும், நாரிஸ் குடும்பத்தாரும் அதற்குப் பெருந்தொகை வழங்கினர். கப்பல் வாணிகத்தில் வந்த செல்வமே அதிற் பெரும்பகுதி. மாணவரிடம் கற்பித்தற் கட்டணம் வாங்கப்படவில்லை. ஆனால் கொடை வழங்கியோர் தம் பணத்துக்கு ஒரு காவலும் வைத்தனர். ஆசிரியர் ஒவ்வொருவரும் குறிக்கப்பட்ட கோட்பாட்டு அறிக்கையில் கையொப்பமிட வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும். கொடுத்தவர் இறந்த பின்னரும் அவருடைய கருத்து வகுப்பறையில் அமர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்தம் எண்ணம் போலும்.

கட்டணம் இல்லையென்றாலும் உணவு, உடை, நூல், விளக்கெண்ணெய் ஆகியவற்றுக்குச் செலவு உண்டு. அன்டோவருக்கு வருமுன் நான்காண்டுக் கல்லூரிப் படிப்பு வேறு. மலைப்பாங்கான சிறு பண்ணைகளிலிருந்து வந்த இளைஞர்களால் இதைத் தாங்க இயலவில்லை. மக்கள் மேற்கு நோக்கிக் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. புதிய ஊர்களுக்குக் கற்ற போதகர் கிடைக்கவில்லை என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. 1815ஆம் ஆண்டில் பாஸ்டனில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. பின்னாளில் அது அமெரிக்கக் கல்விச் சங்கம் எனப் பெயர் பெற்றது. ஊழியத்துக்குப் படிக்கும் ஏழை மாணவர்க்குப் பொருளுதவி செய்வதே அதன் ஒரே நோக்கம். இதே நோக்கத்துக்காக ஐம்பதாயிரம் டாலர் தர்மநிதியொன்று திரட்டப்பெற்று, அதன் அடித்தளத்தில் 1821இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி திறக்கப்பட்டது. அக்கல்லூரியை உருவாக்கப் பாடுபட்டவர்களுள் அகராதி ஆசிரியர் நோவா வெப்ஸ்டரும் ஒருவர் என்பது தமிழ் அகராதி வரலாற்றில் ஈடுபாடுள்ளோர்க்குச் சுவையான செய்தியாகும்.

இச்சங்கத்துக்குப் பணம் கொடுத்தவர் பெருவணிகர் மட்டும் அல்லர். ஊர்தோறும் பெண்கள் குழுக்கள் அமைத்தனர். வாரத்துக்கு ஒரு சென்ட் வீதம் சேர்த்தனர். பணம் இல்லாதவர் சட்டை தைத்தும் காலுறை பின்னியும் மாணவர்க்கு அனுப்பினர். நம் வீடுகளில் பிடியரிசி எடுத்து வைக்கும் வழக்கத்தை இது நினைவூட்டுகிறது.

இவ்வாறு சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம் என்பதாலேயே அதன் கணக்கு மிகக் கடுமையாகக் கேட்கப்பட்டது. உதவி பெறும் மாணவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் வரவு செலவுகளைச் சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவருடைய பக்தி, ஒழுக்கம், படிப்பு ஆகியவற்றுக்கு ஆசிரியர் சான்று தர வேண்டும். கோடையில் பள்ளி நடத்தியும் உடலுழைப்புச் செய்தும் தம் செலவின் ஒரு பகுதியைத் தாமே ஈட்ட வேண்டும். 1820களில் வேறொரு மாற்றமும் நேர்ந்தது. தொடக்கத்தில் நன்கொடையாக வழங்கப்பட்ட உதவி படிப்படியாகக் கடனாயிற்று. மாணவர் கடன்பத்திரத்தில் கையொப்பமிட்டார்; போதகரான பின் சிறு சம்பளத்திலிருந்து அதைத் திருப்பிச் செலுத்தலானார். இரவலாகப் பெறுவது மாணவனின் தன்மதிப்பைக் காக்கும் என்று சங்கத்தார் வாதிட்டனர். கடன் சுமந்த இளைஞன் தன் மனச்சாட்சிப்படி எப்படிப் பேசுவான் என்று மறுப்பாளர் கேட்டனர். இடையில் மனம் மாறி வழக்கறிஞராகவோ ஆசிரியராகவோ போக விரும்பியவனுக்குக் கடன்பத்திரம் ஒரு தளை. உதவி என்பது எந்த இடத்தில் உரிமைப் பத்திரமாக மாறுகிறது என்னும் இவ்வழக்கு அங்கே முற்றாகத் தீரவே இல்லை. தீராத அந்த வழக்கே கப்பலேறி யாழ்ப்பாணமும் வந்தது.

1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த டானியல் பூவர் அன்டோவரில் கற்றவர். 1820இல் வந்த மைரன் வின்ஸ்லோவும் லீவை ஸ்போல்டிங்கும் அங்கே பயின்றவர்களே. பிறர் வழங்கிய நிதியில் கட்டணமின்றி இறையியல் கற்ற இவர்கள், அதே வழியில் தமிழ்ப் போதகரை உருவாக்கலாம் என நம்பியதில் வியப்பில்லை. முதலில் தெல்லிப்பழை முதலிய இடங்களில் விடுதிப் பள்ளிகள் தோன்றின. உணவும் உடையும் நூலும் இலவசம். அந்நியர் வளவில் தங்கள் பிள்ளைகள் உண்பதா, சமைப்பவர் யார் என்ற தயக்கம் பெற்றோரிடம் இருந்தது. அது ஓரளவு தணிந்த பின்னரே பிள்ளைகள் சேர்ந்தனர். அப்பள்ளிகளில் தேறியவர்களுக்கு உயர்கல்வி வழங்க 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கப்பட்டது. தமிழ் இளைஞர்க்கும் பிறர்க்கும் இலக்கியக் கல்வியும் சமயக் கல்வியும் வழங்கும் ஒரு கல்லூரிக்கென அவ்வாண்டில் வெளியிடப்பட்ட திட்ட அறிக்கையில் ஆங்கிலத்தோடு தமிழும் வடமொழியும் இடம்பெற்றிருந்தன. ஆங்கிலேய அரசு அமெரிக்கர் கல்லூரி அமைக்க இசையாமையால் செமினரி என்ற பெயரே நிலைத்தது.

செலவுக்கு அமெரிக்காவில் கண்ட வழி தனித்தன்மை உடையது. ஒரு சபையோ, பெண்கள் சங்கமோ, தனி ஒருவரோ ஆண்டுதோறும் சிறு தொகை அனுப்பினால் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை படிக்கலாம். அப்பிள்ளைக்குப் பெயரிடும் உரிமை பணம் அனுப்பியவர்க்கு உண்டு. மறைந்த போதகர் பெயரையும், இளமையில் இறந்த மகன் பெயரையும் அனுப்பிவைத்தோர் உளர். இதனாற்றான் வேளாளர் வீட்டுப் பிள்ளைகள் பதிவேட்டில் நியூ இங்கிலாந்துப் பெயர்களோடு தோன்றலாயினர். 1841இல் உதயதாரகை பத்திரிகையைத் தொடங்கி நடத்திய இரு தமிழ் இளைஞர்களின் பெயர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்பன. முன்னது, 1812இல் மறைந்த ஆங்கிலேயப் போதகர் ஒருவரின் பெயர். பின்னது நியூ ஹாம்ப்ஷயர்ப் போதகர் ஒருவரின் பெயர். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரைவேற்பிள்ளை என்னும் பெயர்களின் முற்பகுதி எங்கிருந்து வந்தது என்பதற்கு இவ்வேற்பாட்டிலேயே விடை உள்ளது.

நியூ இங்கிலாந்து மாணவன் கடன்பத்திரத்தில் கையொப்பமிட்டான். யாழ்ப்பாண மாணவனிடம் அப்படிப்பட்ட பத்திரம் எதுவும் கேட்கப்படவில்லை. பெயரே அந்த வேலையைச் செய்தது. கடலுக்கு அப்பால் ஒரு தாய் தன் இறந்த மகனின் பெயரை இவன் மேல் இட்டு, இவன் போதகனாகும் நாளை எதிர்நோக்கியிருந்தாள். அவள் கொடுத்ததில் வஞ்சகம் இல்லை. ஆனால் பத்து வயதில் பெயரைப் பெற்றவனிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை.

இக்கொடை எவ்வளவு நொய்தான நூலில் தொங்கியது என்பதை 1837ஆம் ஆண்டு காட்டியது. அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தன, வணிகம் சரிந்தது. மிஷனுக்கு வரும் பணம் குறைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து ஊர்ப் பள்ளிகள் பல மூடப்பட, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். நியூயார்க்கில் பருத்தி விலை சரிந்ததற்கும் ஒரு யாழ்ப்பாணச் சிறுவனின் ஏடு மூடப்பட்டதற்கும் இருந்த தொடர்பை அச்சிறுவன் அறிந்திருக்க நியாயமில்லை.

செமினரி இச்சோதனையைத் தாண்டியது. பூவருக்குப் பின் தலைமையேற்ற ஹென்றி ஹொய்சிங்டன் காலத்தில் கணிதமும் வானவியலும் தத்துவமும் உயர்ந்த நிலையில் கற்பிக்கப்பட்டன. நன்னூலும் திருக்குறளும் பாடமாயின. மாணவரிடம் சிறிது சிறிதாகப் பணம் பெறும் முறையும் பின்னர் வந்தது. அதற்குள் ஊர் இச்செமினரியை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கியிருந்தது. இங்கே கற்ற ஆங்கிலத்துக்குக் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் நல்ல சம்பளம் கிடைத்தது. கடல் கடந்து தமிழகத்திலும் வேலை காத்திருந்தது. கிராமச் சபைப் போதகரின் ஊதியம் அதன் அருகே நிற்கவும் இயலாது. மாணவர் பலர் திருமுழுக்குப் பெற்றனர். சிலர் பின்னர் விலகினர். மிஷன் பள்ளிகளில் ஆசிரியரானோரும் பலர். முறையாகப் போதகப் பட்டம் பெற்றோரோ மிகச் சிலர். சோற்றுக்கும் உத்தியோகத்துக்கும் சமயம் மாறுகின்றனர் என்று ஆறுமுக நாவலரும் அவரைச் சார்ந்தோரும் கண்டித்தனர். 1848இல் வண்ணார்பண்ணையில் அவர் சைவப் பள்ளியொன்றை நிறுவியதற்கு இவ்விலவசக் கல்வியே மறைமுகத் தூண்டுதல் எனலாம்.

இதே குறையை மறுபுறமிருந்து கண்டவர் ருபஸ் அண்டர்சன். மிஷன் சங்கத்தின் செயலாளரான இவரும் அன்டோவரில் பயின்றவரே. ஏனைய சமயப் பணியாளர் பலரினும் தெளிவாகச் சிந்தித்தவர். உள்ளூர்ச் சபை தன் போதகரைத் தானே தாங்க வேண்டும், தாய்மொழியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1854இல் புறப்பட்டு இந்தியாவிலும் இலங்கையிலும் அவர் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தின் விளைவாக 1855இல் செமினரி மூடப்பட்டது. போதகரை ஆக்கக் கொடுத்த பணம் எழுத்தரை ஆக்கியது என்பதே குற்றச்சாட்டின் சாரம். கணக்கு நோக்கில் அதை மறுப்பது கடினம். வாரம் ஒரு சென்ட் கொடுத்த பெண்ணிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அவர். அந்தக் கடமையை அவர் விளையாட்டாக எண்ணவில்லை. ஆயினும், ஆங்கிலம் வேண்டிய யாழ்ப்பாணத்தாரின் விருப்பத்தை அவர் கொள்கை ஒரு பொருட்டாகக் கருதவில்லை என்பதும் உண்மையே. தமிழிலேயே படிக்கலாம் என்று பரிந்துரைத்தவர் அதே தமிழ் மாணவர்க்கு மூடிய வாயிலின் பெறுமதியை அறிந்திலர்.

மூடிய வாயிலுக்கு வெளியே சென்றவர்கள் என்ன செய்தனர்? 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டை மாணவர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை. விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணிதம் எழுதினார். சைவத்தை மறுத்து நாவலர் தரப்போடு வாதிட்ட அவரே பின்னர்ச் சைவரானார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் நியாய இலக்கணம் என்னும் தருக்க நூலை வெளியிட்டார். ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை கிறித்தவராகவே வாழ்ந்து உதயதாரகையை நடத்தி, 1886இல் பாவலர் சரித்திர தீபகத்தை அளித்தார். வைமன் கதிரைவேற்பிள்ளை தொகுத்த சொல்லகராதியை அவர் மறைவுக்குப் பின் மதுரைத் தமிழ்ச் சங்கம் அச்சிட்டது. இவர்களுள் எவரையும் கொடையாளர் எண்ணிய சபைப் பீடத்தில் காண இயலாது.

பழைய மாணவர் தம் பள்ளியை மறக்கவில்லை. மீண்டும் ஒரு கல்லூரி வேண்டுமென்று அவர்கள் முயன்றதன் பயனாக 1872இல் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. இம்முறை நிதி திரட்டலில் உள்ளூராரும் பங்கேற்றனர். ஒருகாலத்தில் உதவி பெற்றவர்கள் இப்போது கொடுப்போர் வரிசையில் நின்றனர். சதாசிவம்பிள்ளை அங்கே ஆசிரியராகப் பணியாற்றினார்.

தாமோதரம்பிள்ளையின் வரலாறு இன்னும் ஒரு படி நீள்கிறது. மிஷன் கல்வியின் வழியே கிங்ஸ்பரி என்ற பெயரையும் உடையவராயிருந்த அவர், சைவத்துக்கு மீண்டு, வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை முதலியவற்றை ஏடு தேடிப் பதிப்பித்தார். கிங்ஸ்பரி என்ற பெயர் அவருடைய நூல்களின் முகப்பில் இல்லை. அவருடைய மகன் அழகசுந்தரம் கிறித்தவராகி, தந்தை விட்ட அப்பெயரை எடுத்துக்கொண்டு பிரான்சிஸ் கிங்ஸ்பரி ஆனார். போதகரைப் பயிற்றுவிக்கும் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தார். அங்கிருந்தபடியே, உடனாசிரியர் பிலிப்ஸ் என்பாரோடு சேர்ந்து, நாயன்மார் பாடல்களைத் தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1921இல் வெளியிட்டார்.