விளக்குக்கு இடம் வைத்த வீடு

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. டிசம்பர் பிறந்ததும் ஓசூரின் வாடகை வீடுகளில் அப்பழமொழி வேறொரு பொருளில் நினைவுக்கு வருகிறது. கிறிஸ்துமஸுக்கு வாசலில் நட்சத்திரம் தொங்கவிட வேண்டும். கூடத்திலும் பால்கனியிலும் சீரியல் செட் மாட்ட வேண்டும். ஆனால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒட்டிய டேப்பை உரிக்கும்போது வர்ணம் பெயர்ந்து வரக் கூடாது. வீட்டைக் காலி செய்யும் நாளில் ஒவ்வொரு ஓட்டைக்கும் முன்பணத்தில் கணக்கு இருக்கிறது.

ஒரு விளக்கை மாட்டுவது இத்தனை தயக்கத்துக்குரிய செயலாக எப்போது ஆயிற்று? கேள்வி சிறியதுதான். ஆனால் அதன் பின்னே சென்றால் நம் வீடுகளின் வரலாற்றையும், எல்லையோரத் தொழில்நகரம் ஒன்றின் அரை நூற்றாண்டுக் கதையையும் தொட்டுவிடலாம். சுவருக்கு நேரும் ‘சேதம்’ என்று நாம் இன்று சொல்வதற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதே என் எண்ணம்.

*

பழந்தமிழ் இலக்கியத்தில் சுவரையும் விளக்கையும் ஒருங்கே காட்டும் நூல் நெடுநல்வாடை. அரண்மனைச் சுவரில் வெள்ளிபோல் ஒளிரும் சுதை பூசப்பட்டிருக்கிறது. செம்பால் செய்தாற்போன்ற உறுதியுடைய நெடுஞ்சுவரில் பூங்கொடி ஓவியம் படர்ந்திருக்கிறது. விளக்கோ சுவரில் இல்லை. யவனர் செய்த பாவை அதனைத் தன் கையில் ஏந்தி நிற்கிறது. சுவர் சித்திரத்துக்கு, விளக்கு பாவையின் கைக்கு என்று இடங்கள் தனித்தனியே வகுக்கப்பட்டிருக்கின்றன.

அரண்மனையை விட்டுச் சாதாரண வீட்டுக்கு வந்தாலும் இந்த ஒழுங்கு மாறவில்லை. வாசலின் இருபுறமும் சுவரிலேயே மாடக்குழி வைத்துக் கட்டினார்கள். அகல் அதில் அமர்ந்தது; காற்றும் அதை எளிதில் அணைக்க முடியவில்லை. கூடத்து விட்டத்தில் இரும்பு வளையம் இருந்தது. ஊஞ்சலும் தூளியும் தூக்குவிளக்கும் அதிலேயே தொங்கின. மாவிலைத் தோரணத்துக்கான ஆணி சுவரில் அன்று, மரத்தாலான வாசல் நிலையில் இருந்தது. வீடு கட்டிய நாளில் அடித்த அதே ஆணி தலைமுறைகளுக்குப் பயன்பட்டது. மார்கழிக் காலையில் பூசணிப்பூவைக் கோலத்தின் நடுவே நிறுத்துவதற்கும் ஓர் உருண்டைச் சாணி போதுமானதாயிற்று. பிடித்துக்கொள்ளும், எடுத்தால் தடம் தெரியாது. இன்று கடையில் காசு கொடுத்து வாங்கும் ஒட்டும் ஹூக் செய்வதும் இவ்வளவுதான்.

கிருஷ்ணகிரிச் சீமை கல்லுக்குப் பேர் பெற்றது. கல்தூண் நிறுத்தி, கற்பலகையால் கூரையிட்ட பழைய வீடுகள் இப்பகுதியில் இன்னும் நிற்கின்றன. கருங்கல்லில் ஆணி இறங்காது. எதையும் தூணில் கயிறு சுற்றித்தான் கட்ட முடியும். பொருளின் இயல்பே இங்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது.

மண்சுவரிலும் செங்கற்சுவரிலும் ஆணி அடித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அச்சுவர்கள் சுண்ணாம்பு அடிக்கப்பட்டவை. இந்து வீடுகளில் பொங்கலுக்கும் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸுக்கும் முன்னால் வெள்ளையடிப்பது வழக்கம். ஓட்டையில் சிறிது மண்ணையோ சுண்ணாம்பையோ அப்பி, மேலே மட்டையால் ஒரு பூச்சுப் பூசிவிட்டால் சென்ற ஆண்டின் தழும்பு மறைந்துவிடும். ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் மேற்பரப்புக்கு நிரந்தரச் சேதம் என்று ஒன்று கிடையாது. சுவர் ஒரு பொருளாக அல்ல, ஒரு பழக்கமாக இருந்த காலம் அது.

*

மின்விளக்குச் சரத்தின் கதை நியூயார்க்கில் தொடங்குகிறது. எடிசனின் கூட்டாளியான எட்வர்ட் ஜான்சன், 1882 டிசம்பரில் தம் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 சிறு மின்விளக்குகளை ஒளிரவிட்டார். அதுவரை மரத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி, தீப்பிடிக்குமோ என்று அஞ்சிக்கொண்டிருந்த மேலைநாட்டுக் குடும்பங்களுக்கு அது பெரிய விடுதலை.

அதற்கு 20 ஆண்டுகளுக்குப் பின் மின்சாரம் நம் பக்கத்துக்கு வந்தது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பிவழியே பயணம் செய்து கோலார் தங்கவயலை அடைந்தது. பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905இல்தான். நகரத்தை முந்திக்கொண்டு சுரங்கத்துக்கு வந்த அந்த மின்சாரம் எந்திரங்களுக்காக வந்தது. எந்திரங்களோடு நின்று உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள். இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் அன்று சேலம் மாவட்டத்தின் பகுதி. சுரங்கத் தொழிலாளர் பலர் மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகளில் வாழ்ந்தார்கள். தட்டிச் சுவரில் ஆணி அடிக்க என்ன இருக்கிறது? கட்டத்தான் முடியும்.

இந்தக் ‘கட்டுதல்’ என்னும் முறையே நம் திருவிழா விளக்கலங்காரத்தின் அடிப்படை. கோயிலாயினும் மாதாகோவிலாயினும் அலங்காரக்காரர்கள் கட்டடத்தின் மேல் கைவைப்பதில்லை. சவுக்குக் கம்பும் மூங்கிலும் நட்டு, கயிற்றால் பிணைத்து, முன்னால் வேறொரு முகப்பையே எழுப்பி அதில் விளக்குகளைப் பொருத்துகிறார்கள். திருவிழா முடிந்ததும் கட்டவிழ்த்துவிட்டால் கோபுரம் பழையபடி நிற்கும். மூங்கில் சிம்பில் வண்ணத்தாள் ஒட்டி உள்ளே பல்பு எரியும் கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் அப்படித்தான். வாசலில் நட்ட கம்பத்திலோ மரக்கிளையிலோ அது ஆடிக்கொண்டிருக்கும்.

பிறகு வீட்டுக்குள் வந்தது சீரியல் செட். சிறு பல்புகளைத் தொடராக இணைத்து, 230 வோல்ட்டை அவற்றுக்குள் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்பு. ஒரு பல்பு போனால் வரிசையே அணைந்துவிடும். எது போயிற்று என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்ப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவுகளின் தனிச் சடங்கு. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஒளிமிகுந்த நீல எல்.இ.டி. உருவான பிறகு நிலைமை மாறியது. 2014இல் நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு அது. இன்றைய விளக்குச் சரம் எடை குறைந்தது, சூடும் குறைந்தது. ஒரு சிறு ஒட்டுப்பசை அதைத் தாங்கும் என்று நம்ப முடிவதற்குக் காரணம் இதுதான்.

*

விளக்கு இலேசான அதே காலத்தில் சுவர் கனத்துப்போயிற்று.

சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஓசூரின் முகம் மாறியது. 1980இல் இங்கே அசோக் லேலண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 இங்கிருந்து வெளிவந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் டைட்டன் கைக்கடிகார ஆலை வந்தது. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று; 2019இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று. தென் மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களுக்காக மாடிக்கு மேல் மாடியாக வாடகை வீடுகள் எழுந்தன. சொந்த ஊரில் மாதாகோவில் நிழலில் வளர்ந்தவர்கள், இங்கே இரண்டாம் மாடியின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் குடில் வைக்க இடம் தேடுகிறார்கள்.

அந்த வீடுகளின் சுவர் பழைய சுவரன்று. சிமெண்ட் பூச்சு, அதன்மேல் பட்டி, அதன்மேல் பிரைமர், அதன்மேல் எமல்ஷன். ஆண்டுக்கொரு முறை மட்டையால் அடித்துப் புதுப்பிக்கும் பரப்பல்ல. பல ஆண்டுகள் அப்படியே இருக்க வேண்டும் என்று பணம் போட்டுப் பூசப்பட்டது. ஓரிடத்தில் பெயர்ந்தால் அந்த இடத்தை மட்டும் பூசி மறைக்க முடியாது, நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். அருகிலுள்ள பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பதும், காலி செய்யும்போது வர்ணம் பூச ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வதும் நெடுநாளாக இருந்துவந்த வழக்கம். எல்லை தாண்டினால் தொகை குறையலாம். மனநிலை எளிதில் குறைவதில்லை. நான் குடியிருந்த ஒரு வீட்டின் ஒப்பந்தத்தில் ஆணியைப் பற்றி மட்டும் தனியே ஒரு வாக்கியம் இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

*

வர்ணத்தைப் பெயர்க்காமல் ஒட்டி எடுப்பது எப்படி என்ற கேள்வியை முதலில் எழுப்பியவர்கள் வீட்டுக்காரர்கள் அல்லர், வாகனத் தொழிலாளர்கள் என்பது ஓசூர்க்காரர்களுக்குச் சுவையான செய்தி. 1920களில் அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்கள் நாகரிகமாயின. ஒரு நிறத்தைப் பூசும்போது மற்றதைத் தாள் ஒட்டி மறைப்பார்கள். தாளை உரித்தால் புதுவர்ணமும் கூடவே உரிந்து வரும். உப்புத்தாள் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அத்தகைய பட்டறை ஒன்றுக்குச் சென்ற ரிச்சர்ட் ட்ரூ என்ற 3எம் நிறுவன ஊழியர், அங்கு எழுந்த புலம்பலைக் கேட்டார். 1925இல் அவர் உருவாக்கியதே மாஸ்கிங் டேப். 1930இல் ஒளி ஊடுருவும் டேப் வந்தது. 1996இல் அதே நிறுவனம் இழுத்தால் தானே விட்டுவிடும் ஒட்டுப்பட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இப்பட்டையின் சூட்சுமம் எளியது. சாதாரண டேப்பை நம்மை நோக்கி இழுக்கிறோம். அவ்விசை முழுவதும் வர்ணத்தின் மேல் விழுகிறது. பசைக்கும் வர்ணத்துக்குமான பிடிப்பைவிட வர்ணத்துக்கும் பட்டிக்குமான பிடிப்பு குறைந்தால் வர்ணம் வந்துவிடும். இப்பட்டையையோ சுவரோடு ஒட்டியபடி கீழ்நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். அது நீண்டு மெலிந்து, ஓரத்திலிருந்து சிறிது சிறிதாகப் பிடியை விடும். அவசரப்பட்டு முன்னால் இழுத்தவருக்குத்தான் சுவர் போகும்.

அதற்கும் எல்லைகள் உண்டு. சுண்ணாம்புச் சுவரிலும் பொடி உதிரும் மலிவான டிஸ்டெம்பரிலும் எந்தப் பசையும் நிற்காது. புதிதாகப் பூசிய வர்ணம் நன்கு காய்ந்து இறுகவும் சில வாரங்கள் வேண்டும். தூசியைத் துடைத்து, ஈரமின்றி உலர்த்தி, அழுத்தி ஒட்டி, ஒரு மணி நேரம் பொறுத்த பிறகே விளக்கை மாட்ட வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழிப் பனி கடுமையானது. ஈரம் கோத்த வெளிச்சுவரில் இரவு ஒட்டியது காலையில் தரையில் கிடக்கும். ஆகவே வெளியே பசையை நம்பாமல் முன்னோர் வழியில் கட்டுவதே நல்லது. பால்கனிக் கம்பியும் சன்னல் கிரில்லும் இருக்கவே இருக்கின்றன. பருத்தி நூலோ பிளாஸ்டிக் டையோ போதும். ஒயரைச் சன்னல் கதவிடுக்கில் நசுங்கவிடாமலும், நனையும் இடத்தில் இணைப்புகள் வராமலும் பார்த்துக்கொண்டால் சுவரும் தப்பும், மனிதரும் தப்புவர்.

*

ஆனால் கேள்வி பசையோடு முடிந்துவிடவில்லை. 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதையும் அதன் அட்டவணை உரிமையாளரின் பொறுப்பில் வைக்கிறது. குடியிருப்பதால் நேரும் இயல்பான தேய்மானம் வேறு, குடியிருப்பவர் விளைவித்த சேதம் வேறு என்ற பகுப்பும் சட்டத்தில் உண்டு. நட்சத்திரம் தொங்கிய ஓர் ஆணியின் தடம் இவ்விரண்டில் எதில் சேரும்? வாழ்ந்ததன் அடையாளமா, செய்த குற்றமா? பெரும்பாலான வீடுகளில் இதற்கான விடையைச் சட்டம் எழுதவில்லை, முன்பணத்தைக் கையில் வைத்திருப்பவர் எழுதுகிறார்.

விளக்கேற்றும் உரிமை வாடகையோடு சேர்ந்ததா என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கார்த்திகை அகலுக்கும் கிறிஸ்துமஸ் சரத்துக்கும் ரம்ஜான் விளக்குக்கும் பொதுவான கேள்வி இது. வீடு கட்டுகிறவர்கள் சன்ஷேடின் அடியில் நான்கு கொக்கிகளையும் கூடத்துக் கூரையில் இரண்டு வளையங்களையும் கான்கிரீட் போடும்போதே பதித்துவிட்டால், இந்தச் சச்சரவில் பாதி எழாது. செலவு மிகச் சிறிது. மாடக்குழி வைத்துக் கட்டிய கொத்தனாருக்கு இது தெரிந்திருந்தது. குடிவரப்போகிறவர் யாராயினும் ஒருநாள் விளக்கேற்றுவார் என்று எண்ணி அவர் வீட்டைக் கட்டினார்.