சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கலாமா? – ஒரு சின்ன சரித்திரம்

இன்டர்னல் பரீட்சை ஒருவழியாக முடிந்தது. காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரைப் பற்றி யாரும் கேட்காதீர்கள், சொல்கிற நிலைமையில் நான் இல்லை. அந்த சோகத்தை மறக்கத்தான் இந்தப் பதிவு.

போன வாரம் அமெரிக்காவிலிருந்து அண்ணன் (பெரியப்பா மகன்) போன் செய்தார். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துவிட்டு, அதே ஊரிலேயே வேலை பார்க்கிறார்.

"டேய் தம்பி, நீ பி.காம் தானே படிக்கிற? ஒரு கணக்கு போட்டுச் சொல்லு. எங்க காலேஜ் ஃபுட்பால் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்திருக்கு. ரெண்டு சீட்டு. விலையை ஏத்திட்டாங்க. புதுப்பிக்கட்டுமா, விட்டுரட்டுமா?"

"சீசன் டிக்கெட்டா? ட்ரெயினுக்கா அண்ணே?" என்று கேட்டேன். பின்னே என்ன, தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போய்ப் படிக்கிறவனுக்கு சீசன் டிக்கெட் என்றால் ரயில்தானே ஞாபகம் வரும்? அண்ணன் ஐந்து நிமிடம் திட்டினார். அப்புறம் விளக்கினார்.

அங்கே கல்லூரி ஃபுட்பால் என்பது நம் ஊர் ஐ.பி.எல். மாதிரி. பெயர்தான் ஃபுட்பால், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஓடுகிறார்கள். ஒரு சீசனில் சொந்த மைதானத்தில் ஆறேழு ஆட்டம். எல்லாவற்றுக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் கட்டினால் அதே சீட்டு வருடா வருடம் உங்களுக்கு. ஒரு வருடம் விட்டால் சீட்டு போச்சு.

அண்ணனுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு வாரம் படித்தேன். படித்ததில் பெரிய சரித்திரமே இருக்கிறது.

கொஞ்சம் கொசுவத்தி

நம் ஊரிலும் விளையாட்டுக்கு சீசன் டிக்கெட் இருந்தது. சேப்பாக்கத்தில் டெஸ்ட் மேட்ச் என்றால் ஐந்து நாளைக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அதற்குப் பெயர் சீசன் டிக்கெட். மேட்ச் மூன்று நாளில் முடியலாம், மழை வந்து கெடுக்கலாம். எதுவும் தெரியாமல் முதலிலேயே பணத்தைக் கட்டிவிட வேண்டும்.

இதை எங்கள் புத்தகத்தில் "முன்கூட்டியே பெற்ற வருமானம்" என்பார்கள். இருப்புநிலைக் குறிப்பில் இது சொத்து பக்கம் வராது, பொறுப்பு பக்கம்தான் வரும். அதாவது ரசிகன் வட்டியில்லாமல் கடன் கொடுத்தவன், மைதானத்துக்காரர் கடன்காரர். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் நடந்தது 1934 பிப்ரவரியில். இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான், 1952 பிப்ரவரியில். எதிரே இங்கிலாந்து. இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசம். வினு மன்கட் எடுத்தது 12 விக்கெட். 1932இல் ஆட ஆரம்பித்து 25வது டெஸ்டில் கிடைத்த முதல் வெற்றி! அந்த சமயத்தில் சென்னை ராஜ்ஜியத்தின் முதலமைச்சர் யார் தெரியுமா? நம்ம ராஜபாளையத்துக்காரர், பி. எஸ். குமாரசுவாமி ராஜா. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்காக ஊருக்குக் கொடுத்தவர். (ராஜபாளையம் நண்பர்கள் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.)

எங்கள் வீட்டிலும் ஒரு சீசன் டிக்கெட் கதை உண்டு. பெரியப்பா அப்போது ராஜபாளையத்தில் மில்லில் வேலை பார்த்தார். 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியா மேட்சுக்கு ஐந்து நாள் டிக்கெட்டோடு மெட்ராஸ் போனார். டீன் ஜோன்ஸ் வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்ததை நேரில் பார்த்தவர். நாலாவது நாள் சாயங்காலம், மேட்ச் டிராதான் என்று முடிவு செய்து, மில்லில் லீவும் இல்லாததால் ராத்திரி ரயில் ஏறிவிட்டார். மறுநாள் கடைசி ஓவரில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. மேட்ச் டை! டெஸ்ட் சரித்திரத்திலேயே இரண்டாவது டை. பையில் ஐந்தாம் நாளுக்கும் டிக்கெட் இருந்தது. இன்றைக்கும் யாராவது அந்த மேட்சைப் பற்றிப் பேசினால் பெரியப்பா எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார்.

சீட்டுக்காக நடந்த சண்டைகள்

மற்ற ஊர்களில் சீட்டுக்காக நடந்தது இவ்வளவு சிரிப்பான விஷயம் இல்லை. 1967 ஜனவரி 1, கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் வெஸ்ட் இண்டீஸ் டெஸ்டின் இரண்டாம் நாள். இருக்கும் இடத்தைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டார்கள். பணம் கட்டி உட்கார இடமில்லாதவர்கள் மைதானத்துக்குள் வழிந்தார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை, தீ. அன்றைக்கு ஒரு பந்துகூட வீசவில்லை. 1969 டிசம்பரில் அதே ஊரில் ஆஸ்திரேலியா டெஸ்டுக்கு தினசரி டிக்கெட் வாங்க நின்ற கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் செத்தே போனார்கள்.

பம்பாயில் வேறு மாதிரி. பிரபோர்ன் மைதானம் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவுடையது. எங்கள் ஆட்களுக்கு இன்னும் சீட்டு வேண்டும் என்று பம்பாய் கிரிக்கெட் சங்கம் கேட்டது, கிளப் மறுத்தது. பேச்சு முற்றிப்போய், கூப்பிடு தூரத்திலேயே சங்கம் தனக்கென்று ஒரு ஸ்டேடியம் கட்டிக்கொண்டது. அதுதான் வான்கடே. 1975 ஜனவரியில் அங்கே முதல் டெஸ்ட். யாருக்கு எத்தனை சீட்டு என்ற சண்டையில் ஒரு ஸ்டேடியமே முளைத்திருக்கிறது!

அமெரிக்கக் கணக்கு

இப்போது அண்ணன் ஊருக்குப் போவோம். 1920களில் அங்கே பல்கலைக்கழகங்கள் போட்டி போட்டுக்கொண்டு பிரம்மாண்ட ஸ்டேடியம் கட்டின. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபீல்டிங் யோஸ்ட் என்பவர் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். தலா 500 டாலருக்கு 3,000 கடன் பத்திரங்கள். 3 சதவீத வட்டி. அதோடு, பத்திரம் வாங்கியவருக்கு மைதானத்தின் நடுப்பகுதியில் சீசன் டிக்கெட் வாங்கும் உரிமை. 1927இல் ஸ்டேடியம் திறந்தாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, ரசிகனைக் கடன் கொடுத்தவன் என்று வெளிப்படையாக ஒத்துக்கொண்டு, வட்டியும் கொடுத்தார்கள்.

அப்புறம் காலம் மாறியது. நல்ல சீட்டு வேண்டுமா, டிக்கெட் விலையோடு பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையும் கொடு என்றார்கள். பத்திரம் போய் நன்கொடை வந்தது. கடன் என்றால் திருப்பித் தர வேண்டும், நன்கொடை என்றால் நன்றி சொன்னால் போதும்! 1980களின் பிற்பகுதியிலிருந்து இந்த நன்கொடையில் 80 சதவீதத்துக்கு வருமான வரிச் சலுகையும் இருந்தது. அதனால் யாருக்கும் பெரிதாக வலிக்கவில்லை. 2017இல் வந்த சட்டம் அதை நிறுத்தியது. 2018 முதல் முழுச்சுமையும் ரசிகன் தலையில்.

இன்னொரு பக்கம், 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், டி.வி. உரிமையை மொத்தமாகக் கட்டுப்படுத்த கல்லூரி விளையாட்டு அமைப்புக்கு அதிகாரமில்லை என்று சொன்னது. டி.வி. பணம் கொட்ட ஆரம்பித்தது. ஆடுகிற மாணவர்களுக்கோ படிப்பு உதவிக்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை. பல வழக்குகளுக்குப் பிறகு, 2025 ஜூலையிலிருந்து ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருடத்துக்கு சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம் என்றானது. நியாயமான விஷயம்தான். ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? டென்னசி பல்கலைக்கழகம் 2024 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது: 2025 சீசன் டிக்கெட்டில் 10 சதவீதம் கூடுதலாக "திறமைக் கட்டணம்".

பால்கோவாவும் சீட்டும்

எங்கள் ஊர் பால்கோவா விலை ஏறினால் யாரும் கடைக்காரரோடு சண்டைக்குப் போவதில்லை. பால் விலை, சர்க்கரை விலை, விறகு விலை எல்லாம் நமக்கே தெரியும். ஸ்டேடியம் சீட்டுக்கு அப்படி என்ன மூலப்பொருள்? அதே சிமெண்ட், அதே பிளாஸ்டிக் நாற்காலி. அங்கே விலை செலவை வைத்து ஏறுவதில்லை. "இவன் எவ்வளவு கொடுத்தாலும் விடமாட்டான்" என்ற கணிப்பை வைத்து ஏறுகிறது. நம் பாசம்தான் அங்கே மூலப்பொருள்!

கோயில் திருவிழா மண்டகப்படி தெரியும் அல்லவா? தாத்தா செய்தார், அப்பா செய்தார், இப்போது நான். கையில் காசில்லாத வருடம்கூட கடன் வாங்கியாவது செய்வார்கள். விட்டால் குடும்பத்துக்கே திரும்பக் கிடைக்காது என்ற பயம். சீசன் டிக்கெட்டும் அதே பயத்தில்தான் ஓடுகிறது. ஒரு வித்தியாசம், மண்டகப்படி சாமிக்கு. இது கம்பெனிக்கு.

சேப்பாக்கத்திலும் கதை வேறில்லை. ஐ, ஜே, கே கேலரிகள் பொது ஜனத்தின் இடம். 2011 உலகக் கோப்பைக்காக புதிதாகக் கட்டி, கட்டட அனுமதிப் பிரச்சினையில் 2012 முதல் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. சுமார் 12,000 இருக்கைகள்! பல வருடம் கழித்துத்தான் மீண்டும் திறந்தார்கள். 2025 மார்ச்சில் சென்னை-மும்பை ஐ.பி.எல். மேட்சுக்கு இருந்ததிலேயே குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய். ஐ.பி.எல். டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். பொதிகையில் ராத்திரி முழுக்கப் பயணம் செய்து போகிற நம்மைப் போன்றவர்கள் ரயில், சாப்பாடு எல்லாம் கூட்டிப் பார்த்தால் தலை சுற்றும்.

சரி, இவர்களுக்கு நம் பணம் அவ்வளவு தேவையா? 2023-27 ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை போனது 48,390 கோடிக்கு. 410 மேட்ச். வகுத்துப் பார்த்தால் மேட்சுக்கு 118 கோடி. சேப்பாக்கத்தில் 38,000 பேர், ஆளுக்கு சராசரியாக 3,000 ரூபாய் என்று வைத்தாலும் 11.4 கோடிதான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஆனால் 2020இல் துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் காலி ஸ்டேடியத்தில் மேட்ச் நடந்தபோது, பதிவு செய்த கைத்தட்டலைப் போட்டுத்தான் டி.வி.யில் காட்டினார்கள். ஆக, கூட்டம் இல்லாமல் விற்க முடியாது. நாம் வாடிக்கையாளர் மட்டுமில்லை, சரக்கிலும் பாதி நாம்தான். இதை உணர்ந்தால் பேரம் பேசலாம்.

பேசியும் இருக்கிறார்கள். 2016இல் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் ஒரு டிக்கெட்டை 77 பவுண்டாக ஏற்றப்போவதாக அறிவித்தது. பிப்ரவரி 6, சண்டர்லேண்டோடு மேட்ச். 77வது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்போது 2-0 என்று முன்னிலை. மேட்ச் முடிந்தது 2-2! சில நாளிலேயே முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு, உயர்வைக் கைவிட்டார்கள்.

அப்போ புதுப்பிக்கலாமா?

நான் அண்ணனுக்குச் சொன்ன கணக்கு இதுதான். இத்தனை வருடம் கட்டிய பணத்தை மறந்துவிட வேண்டும். அது போனது போனதுதான், அதற்காக இன்னொரு வருடம் கட்டக்கூடாது. போன சீசனில் உண்மையில் எத்தனை ஆட்டத்துக்குப் போனீர்கள் என்று எண்ணுங்கள். அந்த ஆட்டங்களுக்கு மட்டும் தனித்தனியாக டிக்கெட் வாங்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சீசன் டிக்கெட்டும் நன்கொடையும் சேர்ந்து அதைவிட அதிகமென்றால் விட்டுவிடுங்கள். ஏழில் மூன்றுக்குத்தான் போனாராம். கணக்கு முடிந்தது, விட்டுவிடலாம்.

ஆனால் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. 1999 ஜனவரி 31. சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். சச்சின் 136 அடித்தும் தோற்றோம். மனசு உடைந்து உட்கார்ந்திருந்த கூட்டம், கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்தை ஒரே நாளில் விலைக்கு வாங்க முடியாது. வருடா வருடம் அதே வெயிலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரோடு தயிர்சாதம் பகிர்ந்து, ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட கூட்டம் அது. விலையை ஏற்றினால் சீட்டு காலியாகாது, வேறு ஆள் வந்து உட்காருவார். ஆனால் அந்தக் கூட்டம் கலைந்துவிடும். கணக்குப் புத்தகத்தில் இந்த நஷ்டத்தை எழுத எந்தப் பக்கமும் இல்லை.

இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "என் பக்கத்து சீட்டுல ஒரு வயசான தம்பதி டா. எட்டு வருஷமா பழக்கம். அவங்களாலதான் எனக்கு இந்த ஆட்டமே புரிஞ்சது. இந்தத் தடவை கட்டுப்படியாகலைன்னு அவங்க விட்டுட்டாங்க. அதான் உன்கிட்ட கேட்டேன்."

கடைசியில் அண்ணன் புதுப்பிக்கவில்லை. வேண்டாம் என்றால் காரணம் எழுத அந்த மெயிலில் ஒரு கட்டம் இருந்ததாம். "விலை" என்று மட்டும் எழுதாதீர்கள், அந்தத் தாத்தா பாட்டியைப் பற்றியும் எழுதுங்கள் என்றேன். எழுதினாராம்.

பி.கு: பெரியப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "டிக்கெட் கையில இருக்கிறவன் கடைசி நாள் வரைக்கும் உட்காரணும்டா" என்று சொல்லிவிட்டு கொல்லைப்புறம் போய்விட்டார்.