மௌனமும் துறவும்

இலண்டன் மாநகரின் டேட் கலைக்கூடத்தில் மங்கள வார்த்தையைச் சித்திரிக்கும் ஓவியம் ஒன்று உள்ளது. கபிரியேல் தூதர் லீலி மலரை நீட்டி நிற்கிறார். வெள்ளுடை அணிந்த கன்னி மரியா படுக்கையின் மீது சுவரோரமாக ஒடுங்கி, அச்சம் நிறைந்த கண்களால் அம்மலரை நோக்குகிறார். தாந்தே கேபிரியல் ரோசெட்டி 1850-இல் காட்சிக்கு வைத்த இந்த ஓவியத்தில், மரியாவின் முகத்துக்கு மாதிரியாக அமர்ந்தவர் அவருடைய 19 வயதுத் தங்கை கிறிஸ்டினா.

தூய்மையின் சாயலாக அமர்த்தப்பட்ட அந்தப் பெண்தான் 1859-இல், பெண்ணின் வேட்கையை மிகத் துணிவாகப் பாடிய ஆங்கிலக் கவிதைகளுள் ஒன்றை எழுதினார். இவ்விரண்டு கிறிஸ்டினாக்களும் ஒருவரேயா? இதுவே நம் சிந்தனைக்குரிய வினா.

அக்காலத்தை முதலில் நினைவுகொள்வோம். பெண்களுள் பெரும்பாலோரைப் பாலுணர்வு தொல்லைப்படுத்துவதில்லை என்று வில்லியம் ஆக்டன் என்னும் மருத்துவர் 1857-இல் எழுதினார். நன்மக்கள் பலரும் அதை நம்பினர். இல்லத்தரசியை இல்லத்தின் வானதூதராகவே போற்றிக் கோவென்ட்ரி பாட்மோர் 1854-இல் ஒரு காவியத்தை வெளியிடத் தொடங்கியிருந்தார். வானதூதராக இருக்க இயலாத பெண்ணுக்கோ வீதி ஒன்றே எஞ்சியது. 1864-ஆம் ஆண்டுச் சட்டம் படைவீரர் தங்கிய நகரங்களில் விலைமகளிர் என ஐயுறப்பட்ட பெண்களைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தியது. அவர்களிடம் சென்ற ஆடவரை அது தொடவில்லை. அந்தச் சட்டம் 1886-இல்தான் நீக்கப்பட்டது.

கிறிஸ்டினா இத்தாலியிலிருந்து நாடு கடந்து வந்த ஒரு கவிஞரின் மகள். ஆங்கிலிக்கன் சபையில் ஆழ்ந்த பற்றுடையவர். ஓவியர் ஜேம்ஸ் காலின்சன் கத்தோலிக்கத்தை விட்டு ஆங்கிலிக்கன் சபைக்குத் திரும்பிய பின்னரே 1848-இல் அவரை மணக்க இசைந்தார். 1850-இல் காலின்சன் மீண்டும் கத்தோலிக்கரானபோது அந்த நிச்சயத்தை முறித்துக்கொண்டார். நம் சபையின் பொருட்டே ஒரு பெண்ணின் மணவாழ்வு தடைப்பட்டது என்பதைப் படிக்கையில் நம் உள்ளம் சற்றே கனக்கிறது. பின்னர் தாந்தேயின் பெருங்காவியத்தை மொழிபெயர்த்த சார்லஸ் கெய்லி அவரை விரும்பினார். கிறிஸ்டினாவும் அவரை நேசித்தார். ஆயினும் கெய்லியிடம் தம்முடைய விசுவாசத்தைக் காணாமையால், 1866-இல் அவரையும் மறுத்தார். சதுரங்கத்தில் வெல்வது தமக்கு அளவுமீறிய இன்பம் தருகிறது என்பதற்காக அந்த ஆட்டத்தையே கைவிட்டவர் அவர்!

இத்தகையவர் எழுதியதே 'குட்டிச்சாத்தான் சந்தை'. லாரா, லிஸ்ஸி என்னும் சகோதரியர் இருவர். குட்டிச்சாத்தான்கள் காலையும் மாலையும் கனிகளைக் கூவி விற்கின்றன. காசில்லாத லாரா தன் பொன்னிறக் கூந்தலின் ஒரு சுருளை விலையாகத் தந்து, தெவிட்டும்வரை உண்கிறாள். அதன்பின் அந்தக் கூவல் அவள் செவியில் விழுவதே இல்லை. ஏக்கத்தால் உருகி, நரைத்து, சாவை நெருங்குகிறாள். தங்கையைக் காக்க லிஸ்ஸி வெள்ளிக்காசுடன் சந்தைக்குச் செல்கிறாள். அவை அவளை அடித்து, கனிகளை வாயில் திணிக்கின்றன. அவள் இதழ் திறக்கவில்லை. முகமெங்கும் வழியும் சாற்றோடு ஓடிவந்து, அதைத் தன்னிடமிருந்தே பருகுமாறு தங்கையை அழைக்கிறாள். தன்னையே உணவாகத் தரும் அந்த அழைப்பில் நற்கருணையின் எதிரொலியைக் கேளாதிருக்க இயலுமா? லாரா பிழைக்கிறாள். பிற்காலத்தில் இருவரும் மனைவியராய், தாயராய்த் தம் மக்களுக்கு இக்கதையைச் சொல்கிறார்கள்.

விழுந்த பெண் சாகவேண்டும் என்பது அன்றைய கதைகள் பலவற்றின் விதி. கிறிஸ்டினா அந்த விதியை மீறினார். அதற்குப் பின்புலம் உண்டு. 1859 முதல் 1870 வரை ஹைகேட்டில் இருந்த புனித மகதலா மரியா இல்லத்தில் அவர் தொண்டாற்றினார். தெருவிலிருந்து மீண்ட பெண்களுக்கு வீட்டுப்பணி பழக்கி, புதுவாழ்வு காட்ட முயன்ற இல்லம் அது. அவர்களை அவர் அருவருப்போடு நோக்கவில்லை. சகோதரியராகவே கண்டார் என்பதற்கு இக்கவிதையே சான்று.

1862-இல் இது நூலாக வெளிவந்தது. ஆழ்ந்த உட்பொருள் எதுவும் தம் கருத்தில் இல்லை என்று கவிஞர் கூறியதாக அண்ணன் வில்லியம் எழுதியுள்ளார். இருபதாம் நூற்றாண்டுத் திறனாய்வாளர் சிலரோ அடக்கப்பட்ட காமத்தின் வெடிப்பை மட்டுமே இதில் கண்டனர். பக்தர் சிலர் மீட்பின் உவமையை மட்டுமே கண்டனர். இரு சாராரும் பாதியையே கண்டனர் எனத் தோன்றுகிறது. கனியின் சுவையை அறியாதவரால் அதன் ஆபத்தைப் பாட இயலாது. ஆசையே இல்லாத இடத்தில் தியாகத்துக்கும் பொருளில்லை.

1894-இல் கிறிஸ்டினா மறைந்தபின், அவருடைய எழுதுமேசையில் இத்தாலிய மொழிக் கவிதைகள் சில கிடைத்தன. 1862-க்கும் 1868-க்கும் இடையே கெய்லியை எண்ணி எழுதிய காதற்பாடல்கள் அவை. ஆங்கிலத்தில் வெளியிடத் துணியாததைத் தந்தையின் மொழியில் எழுதி, எவருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். அவர் தம் ஆசையை மறுத்தார். ஆனால் அப்படி ஒன்று இல்லை எனப் பொய் சொல்லவில்லை. மௌனமும் துறவும் பிரியும் இடம் இதுவே. மௌனம் ஆசையைப் புதைக்கிறது. துறவு அதன் பெயரைச் சொல்லி இறைவன்முன் வைக்கிறது. அந்தப் பாடல்களைத் தம் வாழ்நாளில் வெளியிட முடியாமற்போன தனிமைக்குக் காரணம் விசுவாசம் அன்று. அவர் வாழ்ந்த சமுதாயம்.

நம் இல்லங்களிலும் பங்குகளிலும் இவ்விரண்டையும் நாம் ஒன்றெனக் கொள்வதில்லையா? பெண்மக்களிடம் உடலைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலிருப்பதையே கற்பின் காவல் என்று எண்ணுகிறோம். தவறி விழுந்தவளுக்கோ லிஸ்ஸியைப் போல் ஓடிச்செல்லாமல், கதவைச் சாத்துகிறோம். இனிமைமிகு பாடலைத் திருநூலில் வைத்துப் போற்றும் திருச்சபையின் மக்கள் நாம் என்பதை மறந்துவிடலாகாது.

மீண்டும் அந்த ஓவியத்தை நோக்குவோம். அஞ்சிய மரியா அச்சத்தோடு நின்றுவிடவில்லை. இது எங்ஙனம் ஆகும் என்று தூதரிடம் வாய்திறந்து வினவினார். விடை கேட்ட பின்னரே இசைந்தார். கேட்கும் உரிமையை நம் மகளிருக்கு நாம் தருவோமாக. அப்போதுதான் அவர்களுடைய 'ஆகட்டும்' உண்மையான அர்ப்பணமாகும்.