ஒரே மீட்டர் போதுமா?



பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் காரைக்கால் வந்தபோது வீட்டுக்கும் வந்தான். போர் விமானத்திலிருந்து கழற்றிய மின்னணுப் பெட்டிகளைச் சோதிப்பது அவன் வேலை. "கடையில் விற்கிற கருவிகளை வைத்துத்தான் சார் சோதிக்கிறோம்" என்றான். போர் விமானத்துக்குக் கடைச் சரக்கா என்று கேட்டேன். அவன் சொன்னதும் நான் தேடிப் படித்ததும் இது.

நான் சிறுவனாக இருந்தபோது பாரதியார் சாலையில் ஒரு ரேடியோ மெக்கானிக் இருந்தார். மர்பி, பிலிப்ஸ் எது வந்தாலும் அவருக்கு ஒரே மீட்டர்தான். ராணுவத்தில் அப்படியில்லை. ரேடாருக்கு ஒரு சோதனைக் கருவி, ரேடியோவுக்கு வேறொன்று. சோதனைக் கருவியே பழுதானால் செய்தவனிடம்தான் போக வேண்டும். 1991இல் சோவியத் நாடு உடைந்ததும் மிக் விமான உதிரிபாகங்களுக்கு நாம் அலைந்ததை நினைத்துப் பாருங்கள்.

வழி தொழிற்சாலைகளிலிருந்து வந்தது. ஹியூலெட் பேக்கார்டு தன் கருவிகளை ஒரே கேபிளில் இணைக்கக் கண்ட முறை 1975இல் பொதுத் தரமானது. 1987இல் ஐந்து நிறுவனங்கள் கூடி விஎக்ஸ்ஐ தரத்தை அறிவித்தன. யார் செய்த அட்டையானாலும் ஒரே சட்டத்தில் செருகலாம். பெட்டி மாறினால் அடாப்டரையும் புரோகிராமையும் மாற்றினால் போதும். 1994 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெரி, முடிந்தவரை சந்தைப் பொருளையே வாங்குங்கள் என்று உத்தரவே போட்டார்.

ஆனால் கடை அடுத்தவன் ஊரில் இருக்கிறதே! 1998 மே மாதம் பொக்ரான் சோதனை. உடனே அமெரிக்கத் தடை. பின்னாளில் தேஜஸ் என்று பெயர் பெற்ற விமானத்துக்காக லாக்ஹீட் மார்ட்டினில் வேலை செய்துகொண்டிருந்த நம் பொறியாளர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிஆர்டிஓ ஆய்வகங்கள் தடைப்பட்டியலில் ஏறின. சிலவற்றின் பெயர் 2011 ஜனவரியில்தான் நீங்கியது. கையில் பணம் இருந்தும் கடைக்காரன் தரமாட்டேன் என்றால் என்ன செய்வது? மீதி வேலையை இங்கேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று அந்த விமானம் பறந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. விமானம் முப்பது, நாற்பது வருடம் பறக்கும். கடைச் சரக்கு அதற்குள் பலமுறை மாறிவிடும். அவன் இப்போது செய்வது அதைத்தான்: தயாரிப்பு நின்றுபோன அட்டைக்குப் பதில் புதியதைப் பொருத்தி, பழைய சோதனை ஒவ்வொன்றும் அதே விடையைத் தருகிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்ப்பது.

எட்டாம் வகுப்பில் கணக்குத் தாளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டு விளையாட ஓடியவன் இவன்தான்.