திருப்பண்டமும் திருத்தலமும்

புனிதர்தம் உடலையும் அவர் வழங்கிய பொருள்களையும் போற்றுதல் கத்தோலிக்கத் திருச்சபையின் தொன்மரபாகும். அவற்றைத் திருப்பண்டம் என்பர். இறைவனுக்கே உரிய ஆராதனை வேறு, புனிதர்க்குச் செய்யும் வணக்கம் வேறு என்பது அச்சபையின் கோட்பாடு. 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் திருப்பண்ட வணக்கத்தை உறுதி செய்தது. மூடநம்பிக்கையும் இழிந்த பொருளீட்டலும் அதன்கண் புகாவாறு விலக்கவும் செய்தது. இவ்வணக்கம் தமிழ் மண்ணில் கொண்ட வடிவத்தை ஈண்டு ஆராய்வோம்.

மயிலாப்பூரில் தோமையார் கல்லறையும், கோவாவில் சவேரியார் உடலும் வணக்கத்திற்கு நடுவாக நிற்கின்றன. ஆயின் குன்னத்திற்கு அண்டையதான அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடபால் அமைந்த ஏலாக்குறிச்சியின் நிலை வேறு. அங்குப் போற்றப்பெறுபவர் அடைக்கல அன்னையாகிய மரியாள். அவர் உடலோடு விண்ணேற்கப்பெற்றார் என்பது சபையின் நம்பிக்கை. 1950-இல் அது விசுவாசக் கோட்பாடாக வரையறுக்கப்பெற்றது. ஆதலின் அவர்தம் உடல் எங்கும் திருப்பண்டமாக வைக்கப்பெறுவதில்லை. அங்ஙனமாயின் அடியார் உள்ளத்தை இவ்வூரின்பால் ஈர்த்தது யாது?

18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்குத் தங்கித் தொண்டாற்றிய வீரமாமுனிவர் இவ்வூர்க்குத் திருக்காவலூர் எனப் பெயர் சூட்டினார். அதன்மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். ஊரைப் பாடித் தலமாக்குதல் தேவார காலம் முதல் தமிழர் கண்ட நெறி. அந்நெறியையே முனிவர் மேற்கொண்டார். அரியலூர்ப் பாளையக்காரர் ஒருவரின் பிணி அன்னையருளால் நீங்கியதென்றும், அவர் கோயிலுக்கு நிலம் ஈந்தாரென்றும் தல மரபு கூறும். மரபுரையை ஆவணச் சான்றாகக் கொள்ளல் கூடாது. எனினும், அடைக்கலம் என்னும் கருத்து மக்கள் நெஞ்சில் எவ்வாறு வேரூன்றியது என்பதற்கு அது சான்றாதல் ஒருதலை.

முனிவரின் பிற நூல்களும் இதற்கு அரண் செய்வன. 3,615 பாடல்களாலாகிய தேம்பாவணியின் தலைவர் சூசையப்பர். அவருடலும் இன்னவிடத்து உளதெனச் சபை காட்டுவதில்லை. மறைக்காக உயிர் துறந்த கித்தேரியம்மாள் வரலாற்றை மகளிர் விளையாட்டோடு இயைந்த அம்மானை வடிவிற் பாடினார். தொலைநாட்டுப் புனிதரைத் தமிழ் மக்கட்கு அண்மையராக்கியது செய்யுளே.

இராமநாதபுர மாவட்டத்து ஓரியூரை இதனோடு ஒப்பிடுதல் தகும். அங்கு 1693-இல் தலை வெட்டுண்டு இறந்த அருளானந்தர் 1947-இல் புனிதராக அறிவிக்கப்பெற்றார். அவர் குருதி தோய்ந்ததாகக் கருதப்பெறும் செம்மணலை அடியார் எடுத்துச் செல்வர். ஓரியூரில் மண்ணே திருப்பண்டமாயிற்று. ஏலாக்குறிச்சியிலோ பாடல் பெற்ற பெயரே அவ்விடத்தைப் புனிதமாக்கிற்று.

இதனைப் பிற சமய வழக்கத்தைப் பார்த்தொழுகியதெனக் கூறி அமைதல் பொருந்தாது. ஆராதனைக்கும் வணக்கத்திற்கும் உள்ள எல்லையைக் காத்து, தமிழின் தலமரபைத் தன் சமயத்திற்கு இசைவித்த முயற்சி அது. திருப்பண்டம் இல்லாவிடத்து இலக்கியம் அதன் பணியை ஏற்றது என்பதே நம் துணிபு.