மிடி பொத்தான் பலகை

மிடி பொத்தான் பலகை என்பது, தான் எவ்வித நாதமும் எழுப்பாமல், பிறிதொரு வாத்தியத்துக்கோ கணினிக்கோ இன்ன ஸ்வரத்தை ஒலி, இன்ன ஒலியை நிறுத்து என்று, மிடி என்னும் பொது முறைப்படி, சங்கேத ஆணைகளை மட்டும் அனுப்பும் உபகரணமாகும். தேக்கடியில் மதகைத் திறப்பவன் கையில் ஒரு துளி நீரும் படாமலே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் நனைவது போல, இதில் விரல் ஓரிடத்திலும் ஒலி வேறிடத்திலும் இருக்கின்றன.

அப்பள்ளத்தாக்குக்கும் இவ்வித்தைக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவோடு நின்றுவிடவில்லை. அங்கே, அன்றைய மதுரை மாவட்டத்தின் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்து, தமையனார் பாவலர் வரதராசனின் குழுவில், துருத்தியை ஒரு கையும் கட்டைகளை மறு கையும் ஆள வேண்டிய ஆர்மோனியத்தோடு பொதுவுடைமை மேடைகளில் பழகி, 1968இல் சென்னை சேர்ந்த இளையராஜா, 1986இல் வெளியான ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு யமஹா சிஎக்ஸ்5எம் என்னும் மிடி வசதியுள்ள இசைக்கணினியைப் பிரயோகித்தார். இந்தியத் திரையிசையில் கணினி புகுந்த முதற் சந்தர்ப்பமாகப் பலரும் குறிப்பது இதனையே. யந்திரம் இசையமைத்ததென்று மயங்குவது பேதைமை: இசைக்குறிப்புகளைத் தம் கையாலேயே தாளில் எழுதும் வழக்கமுடைய அவருக்குக் கணினி, இட்ட பணியைப் பிழையின்றிச் செய்யும் மற்றொரு வாத்தியக்காரனாகவே இருந்தது.

இவ்வளவும் மிடி தோன்றி மூன்றே ஆண்டுகளில் நிகழ்ந்தது. ஒரு ஸ்தாபனத்தின் மின்வாத்தியம் மற்றொன்றின் பாஷையை அறியாதிருந்த நிலையை ஒழிக்கக் கருதி, அமெரிக்கரான டேவ் ஸ்மித் 1981இல் ஒரு பொது முறையை முன்மொழிந்தார்; ஜப்பானில் ரோலண்டு ஸ்தாபகர் இகுதாரோ ககேஹாஷியும் அம்முயற்சிக்குத் துணை நின்றார். 1983 ஜனவரியில் அவ்விருவர் ஸ்தாபனங்களின் வாத்தியங்களும் ஒரே கம்பியால் பிணைக்கப்பட்டு ஒருங்கே ஒலித்தன. ஐந்து முனைச் செருகி, 16 தடங்கள், 0 முதல் 127 வரையிலான அளவுகள், விநாடிக்கு 31,250 பிட் வேகம் என்பன அவ்வாண்டிலேயே விதியாயின. ஒரு ஸ்வரத்துக்கான ஆணை மூன்று பைட்டுகளில் அடங்குவதால், அது கம்பியைக் கடக்க ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு விநாடியே பிடிக்கும்.

நம் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுவினர் குச்சியால் தட்டும் ஆக்டோபேட் இவ்வினத்தின் நெருங்கிய உறவே. 1985இல் வந்த அதன் முதல் வடிவத்தில் எட்டுத் தட்டுகள் உண்டு. உள்ளே ஒலி ஒன்றும் இல்லை! ஒலிகளையும் தன்னுள்ளேயே அடக்கிய பிற்கால வடிவங்களே நம் ஊர்களில் பரவின. விரலால் தட்டும் வகையில், 16 மெத்தைப் பொத்தான்கள் கொண்ட அகாய் எம்பிசி60 1988இலும், 64 சதுரப் பொத்தான்கள் கொண்ட நோவேஷன் லாஞ்ச்பேட் 2009இலும் வந்தன.

இத்தகைய பலகையைத் தாமே செய்துகொள்ளும் வழக்கம், 2005இல் ஆர்டுயினோ என்னும் நிரலேற்றத்தக்க சிறு மின்னணுப் பலகை தோன்றியபின் எளிதாயிற்று. ஆர்டுயினோ வகைகளுள் ‘லியனார்டோ’ முதலிய சில, யுஎஸ்பி கம்பியைச் செருகிய மாத்திரத்தில் கணினிக்கு மிடி உபகரணமாகவே காட்சியளிக்க வல்லவை. ஒவ்வொரு பொத்தானையும் ஒரு முனைக்கும் தரைக்கும் இடையே இணைத்துவிட்டால் சுற்று முடிந்தது; தொல்லை அதற்கு அப்பால்தான். உலோக நாக்கு அழுத்தியவுடன் நிலைகொள்ளாமல் சில மில்லிவிநாடி துள்ளுவதால், ஒருமுறை அழுத்தப் பலமுறை ஒலிக்கும். ஆதலின் அத்துள்ளல் அடங்கும் வரை நிரல் பொறுத்திருத்தல் வேண்டும். முனைகளை மிச்சப்படுத்தக் கருதி வரிசையும் பத்தியுமாகக் கம்பியிடுவோர் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை ஒவ்வொரு பொத்தானோடும் சேர்க்க மறந்தால், மூன்று பொத்தான்களைச் சேர அழுத்துகையில் அழுத்தாத நான்காவதும் அழுத்தியதாகத் தோன்றக்கூடும்.

ஆறு அல்லது எட்டுப் பொத்தான்கள் போதுமென்பவர் தேனியில் இருந்தாலும் மின்னணுப் பொருள்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவின் அருகே இருந்தாலும் தாமே செய்துகொள்வதே உத்தமம். பழுது வந்தால் செய்த கையே பார்த்துக்கொள்ளும். தட்டும் வன்மைக்கேற்ப ஒலி ஏறி இறங்க வேண்டுவோர் விலைக்கு வாங்குதலே நன்று. பல மெத்தைகளையும் ஒரே சீராக உணரச் செய்வது வீட்டு மேஜையில் அரிது. வாங்குமுன் ஐந்து முனைச் செருகி உண்டா என்று பார்த்துக்கொள்க. யுஎஸ்பி வாய் மட்டுமுள்ள பலகை, இடையே கணினியோ அதற்கென்ற இணைப்புச் சாதனமோ இன்றிப் பழைய கீபோர்டை இயக்காது.